பதினோரு பேரு, ஒரே உடம்பு

சில பேருக்கு ரயில் பைத்தியம், எனக்குக் கப்பல் பைத்தியம். (கப்பல்ல ஒரு தடவைகூட போனதில்ல, அது வேற கதை.) 2025 ஜூலைல பெல்ஜியத்தோட கென்ட் துறைமுகத்துக்கு 'அஸ்தோரியா'ங்கற பழைய உல்லாசக் கப்பலை உடைக்கறதுக்காக இழுத்துட்டுப் போனாங்க. செய்தியைப் படிச்சதும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அஸ்தோரியா அதோட பதினோராவது பேரு. முதல் பேரு ஸ்டாக்ஹோம்.

1948ல் முதல் பயணம் கிளம்பிய ஸ்வீடன் கப்பல். 160 மீட்டர் நீளம், அந்தக் காலத்து அட்லாண்டிக் கப்பல்களோடு ஒப்பிட்டால் சின்னதுதான். வட கடல்களில் ஓட வேண்டியதால் அதன் மூக்கை (நம்ம கடலோடிகள் அணியம்னு சொல்வாங்க) பனிக்கட்டியைத் தாங்கும்படி பலமாகக் கட்டியிருந்தார்கள். அந்த மூக்குதான் வினையாச்சு.

1956 ஜூலை 25, ராத்திரி 11 மணி தாண்டி சில நிமிஷம். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே, எதிரே இத்தாலியின் பெருமையான ஆந்த்ரேயா டோரியா 1706 பேரோடு மூடுபனிக்குள் வந்துகொண்டிருந்தது. ரெண்டு கப்பலிலும் ரேடார் இருந்தது. ரெண்டு பேருமே ஒருத்தரை ஒருத்தர் திரையில் பார்த்தார்கள். ஆனால் வானொலியில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இவர் இடப்பக்கமாகக் கடப்போம்னு நினைக்க, அவர் வலப்பக்கமாகக் கடப்போம்னு நினைக்க, கடைசி நேரத்தில் இவர் வலது பக்கம் திருப்ப, அவர் இடது பக்கம் திருப்ப... ஸ்டாக்ஹோமின் மூக்கு டோரியாவின் விலாவில் இறங்கியது. டோரியாவில் 46 பேர், ஸ்டாக்ஹோமில் 5 பேர் செத்துப் போனார்கள். பதினோரு மணி நேரம் கழித்து டோரியா மூழ்கியது.

டோரியாவின் அறையில் தூங்கிக்கொண்டிருந்த லிண்டா மார்கன் என்ற 14 வயசுப் பொண்ணு, மறுபடி கண் விழித்தது ஸ்டாக்ஹோமின் நசுங்கின மூக்கில்! உள்ளே புகுந்த மூக்கு அவளை அப்படியே ஏந்தி எடுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. அம்மாவும் பிழைத்தார், கூட வந்த தங்கச்சியும் வளர்ப்பு அப்பாவும் இறந்துபோனார்கள். பெற்ற அப்பா எட்வர்ட் மார்கன் நியூயார்க்கில் வானொலிச் செய்தியாளர். தன் மகளும் அந்தக் கப்பலில் இருந்தாள்னு சொல்லாமலே அன்னிக்குச் செய்தி வாசித்தாராம். எப்படித்தான் முடிஞ்சுதோ.

வழக்கைக் கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். தப்பு யார் பக்கம்னு எந்த நீதிபதியும் தீர்ப்பு சொல்லவில்லை. தீர்ப்பு வந்திருந்தால் ஒரு பழியோடு முடிஞ்சிருக்கும். வராததால் ஊருக்கு ஊர் ஒரு தீர்ப்பு, கப்பலுக்கு ஆயுசு முழுக்க சந்தேகக் கேஸ்.

1960ல் கிழக்கு ஜெர்மனியின் தொழிற்சங்கக் கூட்டமைப்பு வாங்கி, 'ஃபோல்கர்ஃப்ராய்ண்ட்ஷாஃப்ட்' என்று பேர் வைத்தது. மூச்சு வாங்குதா? :-) மக்களின் நட்புறவுன்னு அர்த்தம். தொழிலாளர்களை விடுமுறைக்குக் கூட்டிப்போன கப்பல். 1962 ஏவுகணை நெருக்கடியின்போது அமெரிக்கக் கடற்படை வளைத்திருந்த கியூபாவுக்குப் பயணிகளோடு போய்ச் சேர்ந்தது. கென்னடியின் ஆலோசகர்கள் கூடிப் பேசி, போகட்டும்னு விட்டுவிட்டார்கள். அதே கப்பலிலிருந்து மேற்கு நாட்டுக் கரைக்குத் தப்பிக்கக் கடலில் குதித்தவர்களும் உண்டு. உல்லாசக் கப்பல்லேர்ந்து தப்பிச்சு ஓடுறதுன்னா பாருங்க.

1985ல் விற்றதும் பேர் வெறும் 'ஃபோல்கர்' ஆனது. நட்பு மட்டும் கழன்று விழுந்துடுச்சு! அடுத்து நார்வேயில் அகதிகள் தங்கும் விடுதியாக நின்றபோது ஃபிரிட்யோஃப் நான்சென். அகதிகளுக்காக உழைத்து 1922ல் அமைதி நோபல் வாங்கியவர் பேர். பதினோரு பேரில் எனக்குப் பிடித்தது இதுதான்.

1989ல் இத்தாலிக்காரர்கள் வாங்கினார்கள். புதுப்பிக்க இழுத்துப்போன ஊர் எது தெரியுமா? ஜெனோவா. டோரியா கட்டப்பட்ட ஊர், டோரியாவின் தாய்த் துறைமுகம். 33 வருஷம் கழித்தும், மூணு பேர் மாறியும், ஊர் அடையாளம் கண்டுகொண்டது. 'சாவுக் கப்பல்' என்றே பேசினார்கள். கப்பலைத் திட்டுவதில் என்ன நியாயம்னு கேட்கத் தோணுது. ஆனா அந்த 46 பேரில் நம்ம வீட்டு ஆள் ஒருத்தர் இருந்திருந்தா நானும் திட்டியிருப்பேன்.

அங்கேதான் மறுபிறவி. மேல்கட்டுமானத்தை வெட்டி எறிந்து, புது இன்ஜின் வைத்தார்கள். பழசில் மிஞ்சியது அடிக்கூடுதான். 1994ல் 'இத்தாலியா பிரிமா'வாக வெளியே வந்தது. (நடுவில் கொஞ்ச காலம் 'இத்தாலியா 1'.) பிறகு வால்தூர் பிரிமா, கரீபே, அதீனா. அதீனாவாக இருந்தபோது, 2008 டிசம்பரில் ஏடன் வளைகுடாவில் முப்பதுக்குப் பக்கமான கொள்ளையர் படகுகள் சூழ்ந்துகொண்டன என்று செய்தி; தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத் தப்பித்தது. 2012ல் கடன் பாக்கிக்காக மார்செய் துறைமுகத்தில் பிடித்து வைத்தார்கள். 2013ல் அசோரெஸ். 2016ல் அஸ்தோரியா. கொரோனா வந்த 2020ல், வாடகைக்கு எடுத்து ஓட்டிய பிரிட்டிஷ் கம்பெனி திவாலாக, கப்பல் ராட்டர்டாமில் சும்மா நின்றது. ஐந்து வருஷம்.

1956ல் நசுங்கிய மூக்கையும் புரூக்ளினில் அப்பவே புதுசாக மாட்டிவிட்டார்கள். அதனால கென்ட்டில் உடைத்த கப்பலில் டோரியாவை இடித்த இரும்பே கிடையாது. இடி வாங்கின டோரியாதான் இன்னமும் நான்டக்கெட் பக்கம் 70 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, அதே பேரோட.