பன்றிக்கு வைத்த பொறி

சித்தூரில் நாற்பது ஆண்டாக நிலக்கடலை வியாபாரம் செய்பவன் நான், சமணன். "பன்றியைக் கொல்லாதீங்க" என்று கடையில் உட்கார்ந்து சொல்வது எனக்குச் சுலபம். ஒருநாள் ஒரு விவசாயி திருப்பிக் கேட்டார்: "நயினாரே, நீங்க கடலையை மூட்டையில பாக்குறவரு. ஒரு ராத்திரி எங்க கொல்லையில காவல் இருந்து பாருங்க." பதில் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய நூல்களைப் புரட்டினேன்.

நற்றிணை 119ஆம் பாடலில் புனங்காவலன் தினை தின்னும் பன்றிக்காகப் பெருங்கல்லைச் சாய்த்து 'அடார்' என்னும் பொறி வைக்கிறான். பன்றி ஓடிவிடுகிறது. அகப்பட்டதோ புலி!

அடுத்து ஒரு நாய்க்கதை. அரக்கோணத்துக்கு அருகே தக்கோலத்தில், கி.பி. 949இல், இராட்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனும் கங்க மன்னன் இரண்டாம் பூதுகனும் சோழ இளவரசன் இராசாதித்தனை வீழ்த்திய போர் வாசகர் அறிந்ததே. அதில் வீரம் காட்டிய மணலேரன் பரிசாகக் கேட்டுப் பெற்றது 'காளி' என்ற வேட்டைநாய். அது பின்னர் ஒரு பெரும்பன்றியோடு பொருத, இரண்டுமே மாண்டன. கர்நாடகத்தில் மாண்டியாவை அடுத்த ஆதகூரில் அந்த நாய்க்குக் கல் நட்டு, நிலமும் விட்டார்கள். தமிழகத்திலும் பன்றியோடு பொருது மாண்ட மனிதருக்கு நட்ட 'பன்றிகுத்திப்பட்டான் கல்' பல உண்டு.

இப்போது ஈட்டி போய் மின்கம்பி வந்துவிட்டது. அந்த விவசாயியின் பக்கத்துக் கொல்லையில் பன்றிக்கென்று திருட்டு மின்சாரம் விட்டிருந்தார்கள். விடியலில் தண்ணீர் பாய்ச்சப் போன கூலியாள் ஒருவர் அதில் மாண்டார். பன்றி மறுநாளும் வந்தது. நற்றிணைப் புலவர் கண்டது இதைத்தான் என்று எனக்குப் பட்டது.

சட்டமோ 1972 முதல் காட்டுப்பன்றியைக் காக்கிறது. 2022 திருத்தத்தில் அது இரண்டாம் அட்டவணைக்கு ஏறிற்று. தமிழ்நாட்டு அரசு 2025இல், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதை வனத்துறையினர் சுடலாம் என்றது. விவசாயி கையில் அந்த அதிகாரம் இல்லை. வேளாண் விஞ்ஞானிகள் கடலையைச் சுற்றி முள்ளுள்ள குசும்பாவை நெருக்கி விதைக்கச் சொல்கிறார்கள். நம் விவசாயி விதைத்தார். மூன்று பக்கம் தப்பிற்று, ஓடைப்பக்கம் போயிற்று.

கடைசியில் ஓர் ஐப்பசி நாளில், பொழுது சாயுமுன் உண்டுவிட்டு, அவர் பரணில் ஏறினேன். தகரம் தட்டித் தட்டிக் கை மரத்துப்போச்சு. இரண்டு மணிக்கு எதிர்ப்பக்கமாய் வந்தன. விடிந்தபோது கால் காணி உழுதாற்போல் கிடந்தது. அவ்வாண்டு அவர் மூட்டைகளுக்கு நான் பேரம் பேசவில்லை.