தாது வருஷப் பஞ்சமும் நான் எழுதிக் கொடுத்த 1200 கலோரி சீட்டும்

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். எடை குறைக்க கலோரி எண்ணணுமா, மேக்ரோ எண்ணணுமாங்கற சண்டையைப் பத்தி. இதில் ஒரு பஞ்சம் வரும், நம்ம பக்கத்து மலை ஊர் ஒண்ணு வரும், என்னோட ஒரு தப்பும் வரும். தப்பில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

2/
சில வருஷம் முன்னாடி, ஓபிக்கு "எடை குறைக்கணுங்க டாக்டர்"னு வர்றவங்களுக்காக நானே ஒரு சீட்டு தயார் பண்ணி வச்சிருந்தேன். "ஒரு நாளைக்கு 1200 கலோரிக்குள் சாப்பிடவும்." அதுக்குக் கீழே இட்லி, தோசை, சோறு, டீ, பிஸ்கட்டுக்கு எத்தனை கலோரி என்று ஒரு பட்டியல். அவ்வளவுதான். நிறைய பேருக்குக் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன்.

3/
மில் வேலைக்குப் போகும் ஒரு அக்கா, நாற்பது வயசு இருக்கும். மூணு மாசம் கழிச்சு வந்தாங்க. 6 கிலோ குறைஞ்சிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அவங்களுக்கு இல்லை.

"கீழ உக்காந்தா எந்திரிக்க முடியலீங்க டாக்டர். தலை சீவுனா முடி கொத்துக் கொத்தா வருதுங்க."

தைராய்டு சரியாக இருந்தது. கொஞ்சம் ரத்தசோகை. என்னதான் சாப்பிடறீங்கன்னு கேட்டேன்.

4/
காலையில் டீயும் பன்னும். மதியம் சோறு, ரசம். சாயங்காலம் டீ, பிஸ்கட். ராத்திரி ரெண்டு இட்லி, சர்க்கரை தொட்டு.

"நீங்க போட்ட 1200-ஐ ஒரு நாள் கூடத் தாண்டலீங்க."

உண்மை. அவங்க தப்பே பண்ணலை. தப்பு சீட்டில் இருந்தது.

5/
அதே வாரம் ஒரு தம்பி. ஜிம்முக்குப் போறவர். கலோரியெல்லாம் பழைய கதை, மேக்ரோதான் சரின்னு போனில் ஆப் வச்சு கிராம் கிராமாப் புரதம் எண்ணுறார். பன்னீர், பாதாம், நிலக்கடலை, ப்ரோட்டீன் பவுடர், மேல ரெண்டு ஸ்பூன் நெய். எடை 4 கிலோ கூடியிருந்தது. "புரதம் கரெக்டாத்தானுங்க சார் வருது!"

ரெண்டு பேரும் எண்ணினாங்க. ரெண்டு பேரும் பாதியைத்தான் எண்ணினாங்க.

6/
இந்தச் சண்டை இன்ஸ்டாகிராமில் பிறந்ததுன்னு நினைச்சீங்கன்னா, இல்லை. நம்ம மண்ணில் இது கிட்டத்தட்ட 150 வருஷத்துச் சண்டை. ஆரம்பத்தில் இது இளைக்கறதுக்கான சண்டை இல்லை. சாகாமல் இருக்கறதுக்கான சண்டை.

7/
1876–78. நம்ம பூட்டன் பூட்டிகள் "தாது வருஷப் பஞ்சம்" என்று சொன்னது இதைத்தான். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்தாங்க. கோயம்புத்தூர், சேலம் மாவட்டங்களும் கடுமையா அடிபட்டன.

பஞ்ச நிவாரணச் செலவைக் குறைக்க பிரிட்டிஷ் இந்திய அரசு ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பியது. 1877 தொடக்கத்தில் அவர் போட்ட கணக்கு: நிவாரண வேலையில் மண் வெட்டி, கல் உடைக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கைச்செலவுக்குக் கொஞ்சம் சில்லறை. ஒரு பவுண்டு என்றால் சுமார் 454 கிராம்.

8/
இதை எதிர்த்தவர் ஒரு டாக்டர். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ். அவர் ரெண்டு விஷயம் சொன்னார்.

ஒன்று, இந்த அளவு உடலுழைப்புக்குப் போதாது.

ரெண்டு, வெறும் தானியம் மட்டும் கொடுத்தால் உடம்பு தாங்காது. பருப்பு வகை வேணும், காய்கறி வேணும்.

முதல் வாதம் கலோரி. ரெண்டாவது வாதம் புரதம். இன்னைக்கு நீங்க ஆப்பில் பார்க்கிற ரெண்டு கட்டமும் 1877-லேயே மேசைக்கு வந்தாச்சு. பெரிய சண்டைக்குப் பிறகு, சில மாசத்தில் சென்னை அரசு அந்த ஒரு பவுண்டு கணக்கைக் கைவிட்டது.

9/
இப்ப ஒரு சின்னக் கணக்கு. 454 கிராம் அரிசியில் சுமார் 1560 கலோரி, 31 கிராம் புரதம்.

நான் கொடுத்த சீட்டு 1200 கலோரி. அந்த அக்கா சாப்பிட்டதில் புரதத்தைக் கூட்டிப் பார்த்தேன். 30-ஐத் தொடவில்லை.

பஞ்சத்துக் கூலியும் டயட்டும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. அங்கே பட்டினியில் இருந்தவங்க நாள் முழுக்கக் கல் உடைச்சாங்க. ஆனா தப்பின் வகை ஒண்ணுதான். டெம்பிள் கணக்கிலும் பருப்புக்கு இடம் இல்லை, என் சீட்டிலும் இல்லை. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

10/
சரி, இந்தக் கலோரிக் கணக்கு எங்கிருந்து வந்தது?

1890-களில் அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் என்ற விஞ்ஞானி, ஒரு ஆள் உள்ளே இருந்து சாப்பிட்டுத் தூங்கி வேலை செய்யும் அளவுக்கு ஒரு அறையைக் கட்டி, உடம்பில் இருந்து வரும் வெப்பத்தை அளந்தார். அவர் ஆய்வில் இருந்து வந்த எண்களைத்தான் உலகம் இன்னைக்கும் பயன்படுத்துது:

புரதம் 1 கிராம் = 4 கலோரி
மாவுச்சத்து 1 கிராம் = 4 கலோரி
கொழுப்பு 1 கிராம் = 9 கலோரி

11/
இந்த த்ரெட்டில் ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க.

100 கிராம் பச்சரிசியில் புரதம் 6.8, கொழுப்பு 0.5, மாவுச்சத்து 78.2 கிராம். 4-ஆலும் 9-ஆலும் 4-ஆலும் பெருக்கிக் கூட்டுங்க. 344.5 வரும். அட்டவணையில் போட்டிருப்பது 345.

அதாவது கலோரிங்கறதே மேக்ரோவைக் கூட்டினா வர்ற மொத்தம். கலோரி கட்சி, மேக்ரோ கட்சின்னு ரெண்டு இல்லவே இல்லை. மளிகைக் கடை பில்லில் கடைசி வரி ஒண்ணு, நடுவில் இருக்கும் வரிகள் இன்னொண்ணு. பில் ஒண்ணுதான்.

12/
அந்த அரிசி அட்டவணை எங்கே பிறந்ததுன்னு சொன்னா நம்ம ஊர்க்காரங்க நம்ப மாட்டாங்க. காரமடையில் பஸ் ஏறி, மேட்டுப்பாளையம் தாண்டி, மலை ஏறினா குன்னூர். அங்கேதான்.

1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையில் 'பெரிபெரி' நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார் ராபர்ட் மெக்கேரிசன். நாய்க்கடி ஊசிக்குப் பேர் போன அதே பாஸ்டர் நிலையம்தான்.

13/
பெரிபெரின்னா என்ன? தீட்டின வெள்ளை அரிசியையே நம்பி வாழ்றவங்களுக்கு பி1 வைட்டமின் குறைஞ்சு நரம்பும் இதயமும் பாதிக்கும் நோய். வயிறு நிறைஞ்சிருக்கும், உடம்பு விழுந்துடும்.

அதே 1918-ல் அமெரிக்காவில் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர், கலோரி எண்ணி எடை குறைப்பது எப்படின்னு ஒரு புத்தகம் போட்டாங்க. செமையா வித்தது. உலகத்தின் ஒரு மூலையில் இளைக்க எண்ண ஆரம்பிச்ச வருஷம், நம்ம மூலையில் 'சோறு இருந்தும் ஏன் சாகிறாங்க'ன்னு தேட ஆரம்பிச்சாங்க.

14/
மெக்கேரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய் அடங்கின சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் முதலிடம். நம்ம மெட்ராஸ் அரிசிச் சாப்பாட்டு எலிகள் கடைசி இடம். அப்போ "அந்த இனம் வீர இனம், இந்த இனம் சோப்ளாங்கி"ன்னு பேசிக்கிட்டிருந்த காலம். எலிக்கு ஏதுங்க இனம்? வித்தியாசம் தட்டில் இருந்தது.

15/
1928-ல் அந்த ஒற்றை அறை 'ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமா' வளர்ந்தது. மெக்கேரிசனுக்கு அப்புறம் வந்த ஐக்ராய்டு 1937-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். கம்பு, ராகி, கொள்ளு, தேங்காய்னு நாம சாப்பிடற பொருட்களுக்கு எண்கள் கிடைச்சது. பல பதிப்புகள் கண்ட புத்தகம். உங்க போன் ஆப்பில் கொள்ளுன்னு போட்டதும் வர்ற எண்ணுக்கு மூதாதை இந்தக் குன்னூர் வேலைதான். 1958-ல் அந்தக் கூடம் ஹைதராபாத் போனது. இன்னைக்கு அதன் பேர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

16/
இப்ப கதையின் முக்கியமான ஆள். சி. கோபாலன். 1918-ல் சேலத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படிச்சவர், குன்னூர் கூடத்தில் சேர்ந்து பின்னாளில் ஹைதராபாத்தில் இயக்குநர் ஆனவர். 100 வயசைத் தாண்டி 2019-ல் மறைந்தார்.

1960-களில் உலகமே "புரதப் பஞ்சம்" என்று அலறியது. 1968-ல் ஐ.நா. அறிக்கையே வந்தது. ஏழைக் குழந்தைகள் மெலிவதற்கு, வீங்குவதற்கு எல்லாம் புரதக் குறைவே காரணம், புரத மாவும் பவுடரும்தான் தீர்வுன்னு பேச்சு. கேட்ட மாதிரி இருக்கா?

17/
கோபாலன் ஒத்துக்கலை. எலும்பும் தோலுமா ஆகும் குழந்தையும், கால் வீங்கி வரும் குழந்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சாப்பாடு சாப்பிடற வீடுகளில் இருந்துதான் வருது என்று காட்டினார். இந்தக் குழந்தைகளுக்கு முதல் குறை, மொத்தச் சாப்பாடே போதாததுதான் என்றார்.

1973-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், சத்துக் குறைந்த குழந்தைகளுக்குத் தினமும் கூடுதலாக 310 கலோரி கொடுத்தாங்க. அதில் புரதம் வெறும் 3 கிராம். குழந்தைகள் வளர்ந்தாங்க! அடுத்த வருஷம் மெக்லாரன் என்ற மருத்துவர் லான்செட் இதழில், இந்தப் புரதக் கூச்சல் முழுக்கவே பெரிய சொதப்பல் என்று எழுதினார்.

18/
காரணம் எளிது. உடம்புக்கு எரிபொருள் பத்தலைன்னா, சாப்பிடற புரதத்தையே விறகா எரிச்சுடும். வீடு கட்ட வாங்கின மரத்தை அடுப்பில் வைக்கிற மாதிரி. முதலில் விறகு கொடு, மரம் தானா மிஞ்சும்னு கோபாலன் சொன்னார்.

நம்ம மாநிலச் சத்துணவும் இப்படித்தான் வளர்ந்தது. 1956-ல் காமராஜர், 1982-ல் எம்ஜிஆர்: முதல்ல வயிறார சோறு. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. அப்புறம் படிப்படியாகக் கூடி, பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் முட்டை.

19/
"அப்ப கோபாலன் சொன்னபடி கலோரிதானே முக்கியம்? உங்க சீட்டு சரிதானே டாக்டர்?"

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். அவர் பேசினது பசியில் இருக்கிற குழந்தைக்கு. நான் சீட்டு எழுதினது, வேணும்னே விறகைக் குறைக்கப் போற பெரியவங்களுக்கு. டயட்ங்கறது நாமளே உண்டாக்குற எரிபொருள் பற்றாக்குறை. அப்ப உடம்பு கொழுப்பையும் எரிக்கும், தசையையும் எரிக்கும். அந்த அக்கா இழந்த 6 கிலோவில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை? தரையில் இருந்து எந்திரிக்க முடியாத கால்கள் பதில் சொல்லுது.

கோபாலனின் அதே விதிதான். படிக்க வேண்டிய பக்கம் மட்டும் வேற.

20/
சரி, எடை குறைக்க எந்த மேக்ரோ விகிதம் பெஸ்ட்?

2009-ல் வந்த அமெரிக்க ஆய்வு: 811 பேர், கொழுப்பு-புரதம்-மாவுச்சத்து விகிதம் வேற வேறயா நாலு டயட், ரெண்டு வருஷம். எடைக் குறைவு நாலிலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். 2018-ல் இன்னொரு ஆய்வு: 609 பேர், ஒரு வருஷம். கொழுப்பு குறைச்சவங்க சராசரி 5.3 கிலோ, மாவுச்சத்து குறைச்சவங்க 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை.

ஆக, எத்தனை கிலோ குறையுதுங்கறதை மொத்தக் கலோரி தீர்மானிக்குது. குறையற கிலோவில் தசை எவ்வளவு மிஞ்சுதுங்கறதைப் புரதமும் உடற்பயிற்சியும் தீர்மானிக்குது. ஜிம் தம்பி முதல் வரியை மறந்தார். நான் ரெண்டாவது வரியை மறந்தேன்.

21/
நம்ம தட்டுக்கு வருவோம். ஏறக்குறைய ஒரே கலோரி, அதாவது 160–175. சமைக்காத எடையில் பாருங்க.

பச்சரிசி 50 கிராம்: புரதம் 3.4 கிராம்
நிலக்கடலை 30 கிராம்: 7.6
கொள்ளு 50 கிராம்: 11
முட்டை ரெண்டு: 13

நம்ம அரிசி பருப்பு சாதம் அருமையான கண்டுபிடிப்பு. அரிசியில் குறையற அமினோ அமிலம் பருப்பில் இருக்கு, பருப்பில் குறையறது அரிசியில் இருக்கு. ஆனா வீட்டில் அரிசி நாலு பங்கு, பருப்பு பேருக்குக் கொஞ்சம். அரிசியைக் குறைச்சு பருப்பை ஏத்துங்க. பேர் அதேதான், பலன் வேற. கொள்ளுப் பருப்பைச் சளிக்கு மட்டும் வைக்காதீங்க. ரசத்துக்குத் தண்ணியை இறுத்துட்டு, கொள்ளை மாட்டுக்குப் போட்டுடாதீங்க!

22/
எவ்வளவு புரதம்? ஆரோக்கியமான பெரியவருக்கு ஐசிஎம்ஆர் சொல்வது எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு சுமார் 50 கிராம். எடை குறைக்கும்போது கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நான் சொல்கிறேன். அதுக்குப் பவுடர் கட்டாயம் இல்லை.

கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க, சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவங்க, கர்ப்பிணிகள்: தயவுசெய்து உங்க டாக்டரிடம் கேட்காமல் எதையும் மாத்தாதீங்க.

23/
அந்த அக்காவிடம் "சீட்டு தப்புங்க, மன்னிச்சுக்கோங்க"ன்னு சொன்னேன். பன்னுக்குப் பதில் முட்டை, ரசச் சோத்தில் பாதியைக் குறைச்சு கெட்டியா கொள்ளுப் பருப்பு, டீயில் சர்க்கரை பாதி, இரும்புச்சத்து மாத்திரை, தினமும் நாற்காலியில் உக்காந்து எந்திரிக்கிற பயிற்சி. அடுத்த மூணு மாசத்தில் ஒண்ணரை கிலோதான் குறைஞ்சது. ஆனா ஓபியில் என் முன்னாடி தரையில் உக்காந்து, கை ஊனாமல் எந்திரிச்சுக் காட்டினாங்க. "இப்ப பாருங்க டாக்டர்!"

24/
பழைய சீட்டைக் கிழிச்சுப் போட்டேன். புதுசில் மேலே ஒரே எண் இல்லை, ரெண்டு எண் இருக்கு. மொத்தம் இவ்வளவு, அதில் புரதம் இவ்வளவு. 1877-லேயே கார்னிஷ் இந்த ரெண்டையும் கேட்டார். நான் எம்பிபிஎஸ் முடிச்சு, ஒரு அக்காவின் கால் தளர்ந்த பிறகுதான் கேட்டேன்.

உங்க கையில் யாராவது ஒரே எண் மட்டும் போட்ட சீட்டு கொடுத்தா, அது டாக்டரா இருந்தாலும், ஆப்பா இருந்தாலும், "இன்னொரு எண் எங்கீங்க?"ன்னு கேளுங்க.


உங்கள் அரசு மருத்துவர், காரமடையில் இருந்து.