தன்பூரின் தேசம் – 7: வரிகள் எங்கே?

1920 செப்டம்பர் 2. புகாராவின் ஆர்க் கோட்டை பற்றி எரிந்தது. நான்கு நாட்களாகச் செம்படையின் பீரங்கிகள் முழங்கின. விமானங்கள் குண்டு வீசின. அமீர் ஆலிம் கான் கிழக்கே மலைநாட்டுக்குத் தப்பி ஓடிவிட்டார்.

அமீர் ஆதரித்த இசை என்ன ஆகும்?

அந்த இசைக்குப் பெயர் ஷஷ்மகாம். புஸ்ருக், ராஸ்த், நவா, துகாஹ், சிகாஹ், இராக் என்று ஆறு மகாம்கள், அதாவது ஆறு பெரும் தொகுதிகள். ஒவ்வொன்றிலும் முதலில் வாத்திய இசை, பிறகு பாட்டு. முசுக்கட்டை மரத்தில் கடைந்த, நீண்ட கழுத்துள்ள தன்பூரை மடியில் சாய்த்து, சுட்டுவிரலில் மாட்டிய உலோக நகத்தால் கலைஞர் மீட்டுவார். தாயிராப் பறை தாளம் பிடிக்கும். குரல் கீழ் ஸ்தாயியில் நிதானமாகப் புறப்பட்டு, படிப்படியாக ஏறி, 'அவ்ஜ்' என்ற உச்சத்தில் நின்று, மெல்ல இறங்கும். ஹாஃபிஸ், ஜாமி போன்றோரின் பாரசீகக் கஸல்கள்தான் பெரும்பாலும் பாட்டு. பாடியவர்களில் முஸ்லிம்களும் உண்டு, யூதர்களும் உண்டு. அமீரின் அவையில் புகழ்பெற்ற லெவி பாபாகானோவ், பாரசீகத்தின் ஒரு வடிவமான தாஜிக் பேசும் புகாரா யூதர்.

இந்த மெட்டுகள் குருவின் வாயிலிருந்து சீடனின் செவிக்கு வந்தவை. முதியவர்கள் மறைந்தால் மெட்டும் மறையும். அறிஞர் ஃபித்ரத்துக்கு இது தெரிந்திருந்தது. 1923-இல் விக்டர் உஸ்பென்ஸ்கி என்ற இசையறிஞரைப் புகாராவுக்கு வரவழைத்தார். முதுபெரும் பாடகர் ஆதா ஜலால் பாட, ஆதா கியாஸ் தன்பூர் மீட்ட, உஸ்பென்ஸ்கி ஸ்வரங்களைத் தாளில் குறித்தார். 1924-இல் மாஸ்கோவில் அது நூலானது.

காலத்தால் செய்த பேருதவி! ஆனால் அந்த நூலைப் புரட்டியவர்கள் திகைத்தார்கள். ஆறு மகாம்களின் மெட்டும் இருந்தது. ஒரு பாட்டின் வரிகூட இல்லை. அந்தக் குரல்கள் பாடிய பாரசீகக் கவிதை முழுவதும் விடுபட்டிருந்தது. மெட்டையும் சொல்லையும் பிரித்தபின் அது எப்படிப் பாட்டாகும்?

அதே 1924-இல் வரைபடமும் மாறியது. தாஜிக் மொழி ஒலித்த புகாராவும் சமர்கந்தும் உஸ்பெகிஸ்தானுக்குப் போயின. தாஜிக் மக்களுக்குக் கிடைத்த தலைநகரம் துஷான்பே, அன்று ஒரு சந்தைக் கிராமம். 1928-க்குள் ஆதா கியாஸும் ஆதா ஜலாலும் மறைந்தார்கள். 1938-இல் ஸ்டாலின் ஆட்சி ஃபித்ரத்தைச் சுட்டுக் கொன்றது.

நூலைத் தொடங்கி வைத்தவரும் இல்லை, பாடிக் கொடுத்தவர்களும் இல்லை. பிரிந்துபோன சொல்லையும் மெட்டையும் இனி யார் சேர்ப்பது?

ஸ்டாலினாபாத் என்று பெயர் மாறியிருந்த துஷான்பேயில் மூன்று இசைக் கலைஞர்கள் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள்: பாபாகுல் ஃபைஸுல்லாயெவ், ஷாநஸர் சாஹிபோவ், ஃபஸ்லித்தீன் ஷஹாபோவ். அவர்களது நூலின் முதல் தொகுதி தயாரான வேளையில்தான் பக்கத்து உஸ்பெகிஸ்தானில் ஓர் எதிர்ப்புக் குரல் எழுந்தது. அரண்மனைக் காலத்து மிச்சம், சோவியத் மக்களுக்கு மகாம் எதற்கு என்று அது கேட்டது.

அந்த அலை துஷான்பேயையும் எட்டியதா? மூவரின் தாள்கள் அச்சேறினவா?

(அடுத்த வாரம் தொடரும்)