நெய்வேலி கரியும் ஹேக் நீதிமன்றமும்: சர்வதேச மூட் கோர்ட் போட்டிக்குத் தயாராவது எப்படி?

நீதிபதிகள் இருப்பாங்க. வாதம் அனல் பறக்கும். தீர்ப்பும் வரும். ஆனா வழக்கு மட்டும் கற்பனை. இதுதான் 'மூட் கோர்ட்' எனப்படும் மாதிரி நீதிமன்றப் போட்டி. நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்து, விழுப்புரத்திலோ புதுச்சேரியிலோ அரசு சட்டக் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவர் இதற்கு எப்படித் தயாராகலாம்?

ஜெசப் போட்டி என்றால் என்ன?

சர்வதேச சட்டத்தில் உலகின் மிகப்பெரிய மூட் கோர்ட் போட்டி இது. 1960-ல் ஹார்வர்டில் தொடங்கியது. ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த அமெரிக்கர் பிலிப் ஜெசப்பின் பெயரைத் தாங்கியது. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 1999, 2013 என இரண்டு முறை கோப்பையைத் தட்டி வந்திருக்கிறது.

ஓர் அணியில் 2 முதல் 5 பேர். பொதுவாக செப்டம்பரில் வழக்கு விவரம் வெளியாகும். இரண்டு கற்பனை நாடுகளுக்கு இடையே தகராறு. மனுதாரர், எதிர்வாதி என இரண்டு தரப்புக்கும் அதே அணிதான் எழுதவும் வேண்டும், வாதாடவும் வேண்டும்.

தயாரிப்பு: 4 படிகள்

1. வழக்கு விவரத்தை வரி வரியாகப் படிங்க. தேதி, ஒப்பந்தம், யார் எதில் கையெழுத்து போட்டாங்க என்பதை அட்டவணை போடுங்க.

2. சர்வதேச நீதிமன்றச் சட்டத்தின் 38-வது பிரிவுதான் அரிச்சுவடி. ஒப்பந்தங்கள், நாடுகளின் வழக்காறு, பொதுவான சட்டக் கோட்பாடுகள் ஆகியவை ஆதாரங்கள். தீர்ப்புகளும் அறிஞர்களின் நூல்களும் துணை ஆதாரங்கள்.

3. 'மெமோரியல்' எனப்படும் எழுத்துவாதத்தை இரு தரப்புக்கும் எழுதுங்க. எதிர்த்தரப்பின் பலமான வாதம் எது என்று அப்போதான் புரியும்.

4. வாய்மொழிச் சுற்றில் ஒரு தரப்புக்கு 45 நிமிடம். நீதிபதிகள் குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாங்க. மனப்பாடம் உதவாது. சீனியர்களை நீதிபதிகளாக உட்கார வைத்துப் பழகுங்க.

நெய்வேலி எங்கே வருகிறது?

பயிற்சிக்கு ஒரு கேள்வி. ஒரு நாட்டின் அரசு நிறுவனம் நடத்தும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தால் பக்கத்து நாட்டுக்குப் பாதிப்பு. அந்த அரசு பொறுப்பா?

கனடாவின் உருக்காலைப் புகை அமெரிக்க விளைநிலங்களைப் பாதித்த 'டிரெயில் ஸ்மெல்டர்' வழக்கில், 1941-ல் கனடாதான் பொறுப்பு என்று தீர்ப்பாயம் சொன்னது. எல்லை தாண்டிப் பெரும் பாதிப்பு வரலாம் என்றால் முன்கூட்டியே சுற்றுச்சூழல் ஆய்வு கட்டாயம் என்று 2010-ல் அர்ஜென்டினா - உருகுவே வழக்கில் சர்வதேச நீதிமன்றம் கூறியது. எதிர்வாதியும் சும்மா இருக்க மாட்டார். நிறுவனம் அரசுக்குச் சொந்தம் என்பதாலேயே அதன் எல்லாச் செயலும் அரசின் செயல் ஆகிவிடாது என்பார்.

அப்பா சுரங்கத்தில் வேலை பார்க்கும் பிள்ளையும், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமத்துப் பிள்ளையும் ஒரே அணியில் இருந்தால்? இருவரும் மற்றவர் தரப்பை வாதாட வேண்டியிருக்கும். சட்டப் பயிற்சியைத் தாண்டி இந்தப் போட்டி கற்றுத்தருவது இதைத்தான்.

வகுப்பறையில் இருந்து நிஜ நீதிமன்றம்

2019-ல் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் 27 சட்ட மாணவர்கள் கூடினார்கள். பருவநிலை மாற்றத்தை சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பிரசாரம் தொடங்கினார்கள். 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. வளர்ந்த நாடுகளுக்கே பொறுப்பு அதிகம் என்று 2024 டிசம்பரில் இந்தியா வாதிட்டது.

2025 ஜூலை 23-ல் ஒருமனதாக ஆலோசனைக் கருத்து வந்தது. பருவநிலையைக் காக்க உரிய நடவடிக்கை எடுக்காமல் விடுவது, நிலக்கரி போன்ற எரிபொருள் உற்பத்தி, மானியம் உட்பட, சர்வதேச சட்டமீறல் ஆகலாம் என்றது நீதிமன்றம். இது நாடுகளைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல. ஆனால் இனி வரும் வழக்குகளில் இதைத் தவிர்க்க முடியாது.

செலவு?

போட்டி ஆங்கிலத்தில்தான். ஆனால் படிப்பதற்குப் பெரிய நூலகம் தேவையில்லை. சர்வதேச நீதிமன்றத் தீர்ப்புகள் அதன் இணையதளத்திலேயே இலவசம். ஐ.நா.வின் சர்வதேச சட்ட ஒலி-ஒளி நூலகத்தில் பேராசிரியர்களின் விரிவுரைகளும் இலவசம். கையில் இருக்கும் மொபைலே போதும். கல்லூரி வழியாகத்தான் பதிவு செய்ய முடியும் என்பதால், முதலில் பேராசிரியரிடம் பேசுங்க.