லாக் மருத்துவமனைகள், சென்னை மாகாணம்

பிரிட்டிஷ் படைமுகாம்களில் பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவு செய்து, பால்வினை நோய்க்காகப் பரிசோதித்து, நோய் கண்டவர்களை அடைத்துவைத்த மருத்துவமனைகள். மாகாணத்தில் 1805 முதல் தொடங்கப்பட்டன. பரங்கிமலையிலும், திருச்சிராப்பள்ளி, வெலிங்டன் முகாம்களிலும் இயங்கின. 1864ஆம் ஆண்டின் கன்டோன்மென்ட் சட்டம் இம்முறைக்கு வலுவூட்டியது. 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் அதைச் சென்னை நகரத்துக்கும் கொண்டுவந்தது.

இங்கிலாந்தில் இத்தொழிலை ஒடுக்கப் படை ஏவப்பட்டதும் உண்டு. 1631-32இல் அரசர் முதலாம் சார்லஸின் ஆணைப்படி சிப்பாய்கள், தேம்ஸ் தென்கரையில் எலிசபெத் ஹாலண்ட் நடத்திய ஆடம்பரப் பாலியல் தொழில் விடுதியான 'ஹாலண்ட்ஸ் லீகர்' மாளிகையை முற்றுகையிட்டனர். இந்தியாவிலோ படையே இத்தொழிலுக்குப் புரவலராக நின்றது. அழகான பெண்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும், அவர்களுக்கு நல்ல வீடுகள் தர வேண்டும் என்று ராணுவத் தலைமையகம் 1886இல் சுற்றறிக்கையே அனுப்பியது.

தொற்றுநோய்ச் சட்டத்தின் கொடுமை அதன் ஒருதலைப்பட்சத்தில் இருந்தது. பரிசோதனையும் காவலும் பெண்களுக்கு மட்டுமே. அவர்களிடம் வந்துபோன சிப்பாய்களை அது தொடவேயில்லை. பிரிட்டிஷ் சீர்திருத்தவாதி ஜோசபின் பட்லரும் அவரைச் சார்ந்தோரும் நடத்திய போராட்டத்தால் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1888இல் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. இந்தியாவின் தொற்றுநோய்ச் சட்டமும் அவ்வாண்டே நீக்கப்பட்டது. பாலியல் தொழில் விடுதிகளையும் பெண் கடத்தலையும் குற்றமாக்கும் சென்னை மாகாணச் சட்டம், மருத்துவரும் சட்டமன்ற உறுப்பினருமான முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1930இல் வந்தது.