பற்றவைப்புப் பொறியின்மை: பழைய செவ்ரோலெட் பிக்கப் வாகனங்களில்

பெட்ரோல் யந்திரத்தைச் செல்ஃப் மோட்டார் தடையின்றிச் சுழற்றிக்கொண்டிருக்க, சிலிண்டர்களுக்குள் எரிபொருளும் காற்றும் உரிய அளவில் சென்றுகொண்டிருக்க, ஸ்பார்க் பிளக்கின் முனைகளுக்கிடையே மின்பொறி மட்டும் தோன்றாமையால் வாகனம் புறப்படாமல் நிற்கும் நிலை பற்றவைப்புப் பொறியின்மை எனப்படும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவ்ரோலெட் என்னும் பெயரில் 1973 முதல் 1987 வரையிலான மாடல்களாக வெளியிட்ட சி, கே வரிசைப் பிக்கப் வாகனங்கள் இக்கோளாற்றை ஆராய்வதற்குச் சிறந்த உதாரணமாகும். ஏனெனில், அவற்றின் பற்றவைப்பு அமைப்பு முழுவதும் கைக்கு எட்டும் இடத்தில் அமைந்திருப்பதோடு, ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே பரீட்சித்து அதன் குணதோஷத்தை நிர்ணயிக்கவும் இடம் கொடுக்கிறது.

சார்லஸ் கெட்டரிங் வகுத்து, 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்ற பாட்டரிப் பற்றவைப்பு முறையே இவ்வகை அமைப்புகள் யாவற்றுக்கும் மூலம். காயிலின் பிரைமரிச் சுற்றில் ஓடும் 12 வோல்ட் மின்சாரம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது; அம்மின்சாரம் திடீரெனத் தடைப்படும் கணத்தில் புலம் குலைந்து, ஆயிரக்கணக்கான சுருள்களையுடைய செகண்டரிச் சுற்றில் பேரளவான மின்னழுத்தம் பிறக்கிறது. மின்சாரத்தைத் தடுக்கும் காரியத்தை முற்காலத்தில் பாயிண்டுகளும் கண்டென்ஸரும் செய்துவந்தன. 1975ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து செவ்ரோலெட் வாகனங்களில் நிலைபெற்ற எச்.இ.ஐ. என்னும் உயர்சக்திப் பற்றவைப்பிலோ, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் பற்கள் பிக்கப் காயிலைக் கடக்கும்போது எழும் சிறு மின்குறிப்பை ஏற்று, மாட்யூல் என்னும் மின்னணு உறுப்பு அக்காரியத்தைச் செய்கிறது. வி-8 யந்திரங்களில் காயில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உச்சியிலேயே அமர்ந்திருக்கிறது. அதில் பிறக்கும், 35,000 வோல்ட் வரை எழக்கூடிய மின்னழுத்தம், கார்பன் பொத்தான் வழியாக ரோட்டாருக்கும், அங்கிருந்து 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் பிளக்குகளுக்கும் செல்கிறது.

பொறி இல்லை என்பதை முதலில் ஐயமறத் தெரிந்துகொள்ள வேண்டும். பிளக் கம்பியைக் கழற்றிக் கையில் பிடித்துப் பார்ப்பது எச்.இ.ஐ. அமைப்பில் அபாயகரமானது; கம்பியை அந்தரத்தில் விட்டுச் செல்ஃப் அடித்தாலோ, போக வழியற்ற மின்னழுத்தம் காயிலின் காப்பைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். ஆகையால், அதற்கென விற்கப்படும் பொறிச் சோதனைக் கருவியைக் கம்பியில் மாட்டி, அதன் உடலை யந்திரத்தோடு எர்த் செய்து, பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில் பார்ப்பதே முறை. ஒரே சிலிண்டரில் மட்டும் பொறி இல்லையாயின் குற்றம் அதன் பிளக், கம்பி, அல்லது மூடியிலுள்ள அதன் முனை ஆகியவற்றில் இருக்கும்; எட்டிலும் இல்லையாயின் எல்லாவற்றுக்கும் பொதுவான உறுப்புகளிலேதான் தேட வேண்டும். அவ்வாறு தேடுமுன் மூடியைத் திறந்து, ஒருவர் செல்ஃப் அடிக்க மற்றவர் விலகி நின்று ரோட்டார் சுழல்கிறதா என்று பார்ப்பது நலம். அது அசையாமல் நிற்குமாயின் டைமிங் செயினோ டிஸ்ட்ரிபியூட்டர் கியரின் ஊசியோ அறுந்திருக்கக்கூடும். அப்போது மின்சாரப் பரீட்சைகளால் பிரயோஜனமில்லை.

அடுத்தது, மூடியில் 'பேட்' என்று குறிக்கப்பட்ட முனை. இக்னிஷன் சுவிட்சைப் போட்டிருக்கும்போது இங்கே பாட்டரியின் முழு அழுத்தமும் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது சற்றுக் குறைந்தாலும் அற்றுப்போகக் கூடாது. இரு நிலைகளிலும் அளப்பது அவசியம். சுவிட்சில் ஓட்டத்துக்கு ஒரு தொடர்பும் துவக்கத்துக்கு வேறொரு தொடர்புமாக இருப்பதால் ஒன்று கெட்டு மற்றொன்று நன்றாயிருப்பது சாத்தியம். அழுத்தம் வராவிடில் இளஞ்சிவப்புக் கம்பியைப் பின்பற்றி, தடுப்புச் சுவரிலுள்ள இணைப்பில் களிம்பு பிடித்திருக்கிறதா, ஸ்டியரிங் தண்டின்மீதுள்ள சுவிட்ச் இடம் நழுவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாயிண்டு முறையிலிருந்து பிற்பாடு எச்.இ.ஐ.க்கு மாற்றப்பட்ட வாகனங்களில் பழைய மின்தடைக் கம்பியையே விட்டுவைத்திருப்பதும் உண்டு. அக்கம்பி அழுத்தத்தைக் குறைத்துவிடுமாதலால் பொறி நலிவடையும்.

இந்த ஆராய்ச்சியின் உயிர்நிலை அதே மூடியிலுள்ள 'டேக்' முனையில் செய்யும் பரீட்சையே. சோதனை விளக்கின் ஒரு முனையைப் பாட்டரியின் பாசிட்டிவிலும் மற்றதை 'டேக்' முனையிலும் வைத்துச் செல்ஃப் அடித்தால், மாட்யூல் மின்சாரத்தை விட்டும் தடுத்தும் இயங்குமாயின் விளக்கு மினுங்கும். மினுங்கினால் பிக்கப் காயிலும் மாட்யூலும் நிரபராதிகள். குற்றம் காயிலிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. மினுங்காவிடில் குற்றம் அவ்விரண்டில் ஒன்றினது. அணையாமல் எரிந்துகொண்டேயிருந்தால், சுழற்சி மானிக்குச் செல்லும் கம்பி எங்கோ எர்த் ஆகியிருக்கலாம். அதை விடுவித்து மறுபடி பார்க்க வேண்டும். ஒரு நிமிஷத்தில் முடியும் இந்தப் பரீட்சை அமைப்பை நடுவே இரண்டாகப் பகுத்துவிடுகிறது. இதைச் செய்யாமல் எடுத்த எடுப்பில் புது மாட்யூல் வாங்கிப் பொருத்துவது வீண் செலவு மாத்திரமன்று, உண்மையான காரணத்தை மறைத்தும் விடுகிறது.

விளக்கு மினுங்காதபோது பிக்கப் காயிலின் கம்பிகளைக் கழற்றி மின்தடையை அளந்தால் 500 முதல் 1,500 ஓம் வரை காட்ட வேண்டும். எந்தக் கம்பிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கலாகாது. யந்திரத்தின் உறிஞ்சலால் பற்றவைப்பு நேரத்தை முன்தள்ளும் வாக்குவம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் இக்கம்பிகள் வளைந்து நிமிர்வதால், உறை பழுதின்றியிருக்க உள்ளே செம்பு அறுந்துவிடுவது இவ்வமைப்பின் விசேஷமான பலவீனம். எனவே, வாக்குவம் குழாயை உறிஞ்சி அட்வான்ஸை அசைத்தவாறே அளக்க வேண்டும். முள் துள்ளினால் காரணம் அகப்பட்டுவிட்டது. பிக்கப் காயில் குறையற்றதாயின் மாட்யூலே சந்தேகத்துக்குரியது. குளிர்ந்திருக்கையில் இயங்கி, சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் புறப்படும் வாகனத்தில் இச்சந்தேகம் வலுப்பெறும்.

விளக்கு மினுங்கியும் பொறி இல்லையெனில், காயிலின் பிரைமரி 1 ஓமுக்குக் குறைவாகவும், செகண்டரி 6,000 முதல் 30,000 ஓமுக்குள்ளாகவும் இருக்கின்றனவா என்று அளந்தபின், சிரத்தையோடு கவனிக்க வேண்டியது ரோட்டார். அதன் நடுத்தகட்டுக்கு நேர்கீழே பிளாஸ்டிக்கில் ஊசிமுனையளவு துளை விழுந்து, மின்னழுத்தம் பிளக்குகளை நாடாமல் தண்டின் வழியே எர்த்தை அடைவது சாதாரணமாக நிகழ்வது. மேலிருந்து பார்ப்பவருக்கு அது புலப்படாது. ரோட்டாரைக் கழற்றித் திருப்பி, அடிப்புறத்தில் கரும்புள்ளியோ வெண்சாம்பல் தடமோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் ஆராய வேண்டும். தேய்ந்த கார்பன் பொத்தான், மூடியின் உட்புறத்து மயிரிழை வெடிப்பு, காயிலை எர்த்தோடு சேர்க்கும் சிறு தகடு விடுபட்டிருத்தல் ஆகியவையும் இதே விளைவைத் தரும்.

மாட்யூலை மாற்ற நேர்ந்தால், அது அமரும் உலோகப் பரப்பைத் துடைத்து, வெப்பத்தைக் கடத்தும் சிலிக்கோன் பசையை மெல்லிதாகத் தடவிய பின்னரே திருக வேண்டும். பசையின்றிப் பொருத்திய மாட்யூல் விரைவில் வெந்துபோகும். அதன் இரு திருகுகளும் எர்த்துக்கு வழியாதலால் அவை துருவின்றி இறுகியிருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரையே வெளியே எடுத்திருந்தால், ரோட்டார் முன்பு நோக்கிய திசையிலேயே அதை மீண்டும் இறக்கி, யந்திரம் ஓடத் தொடங்கியதும் வாக்குவம் குழாயை விடுவித்து அடைத்துவிட்டு, டைமிங் லைட்டின் உதவியால் பற்றவைப்பு நேரத்தைச் சரிசெய்து பிடியாணியை முடுக்க வேண்டும்.