தோற்றவருக்கே முதல் மரியாதை

1935 வரை அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்கில், கல்லூரி முடித்த வீரரை யார் வேண்டுமானாலும் வளைத்துப் போடலாம். காசுள்ள நியூயார்க் ஜயண்ட்ஸும் சிகாகோ பேர்ஸும் நல்ல ஆட்களை அள்ளிக்கொண்டன. மிச்சம் மீதிதான் மற்ற அணிகளுக்கு. அந்த மிச்சத்தில் காலம் தள்ளிய அணிகளில் ஒன்று பிலடெல்பியா ஈகிள்ஸ்.

அதன் உரிமையாளர்களில் ஒருவரான பெர்ட் பெல், 1895-இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக்காக 1917 ரோஸ் பௌலிலும் ஆடியவர். 1933-இல் ஈகிள்ஸைத் தொடங்கப் பணம் கொடுத்து உதவியவர், பின்னாளில் அவரை மணந்த நடிகை ஃபிரான்சஸ் அப்டன்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டான் கோஸ்ட்கா என்ற வீரருக்கு பெல் வலை வீசினார். புரூக்ளின் அணி கூடுதல் தொகை கொடுத்துத் தட்டிப் பறித்தது. 1935 மே மாதம் உரிமையாளர்கள் கூட்டத்தில் பெல் ஒரு யோசனையை வைத்தார்: கடைசி இடத்தில் இருக்கும் அணியே புது வீரர்களில் முதலில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும், சாம்பியன் கடைசியில் வரட்டும். நஷ்டம் ஜயண்ட்ஸுக்கும் பேர்ஸுக்கும்தான். ஆனாலும் அவர்களே தலையாட்டினார்கள். நோஞ்சான் அணிகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டால் பிறகு யாரோடு ஆடுவது?

முதல் தேர்வு நடந்த நாள் 1936 பிப்ரவரி 8. பிலடெல்பியாவின் ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டலில், பலகையில் 90 வீரர்களின் பெயர்கள். கடைசி இடத்திலிருந்த ஈகிள்ஸ், முதல் ஆளாக ஜே பெர்வாங்கர் என்ற வீரரைத் தேர்ந்தெடுத்தது. அவர் கேட்ட சம்பளம் பெல்லுக்குக் கட்டுப்படியாகவில்லை. உரிமையை வாங்கிய பேர்ஸிடமும் பேரம் படியவில்லை. பெர்வாங்கர் இந்த லீக்கில் ஆடவே இல்லை!

அந்த ஆண்டு முதல் ஈகிள்ஸின் கோச்சும் பெல்தான். ஐந்து பருவங்களில் 10 வெற்றி, 44 தோல்வி, 2 டிரா.

இப்படித் தோற்றவரைத்தான் 1946-இல் லீக் தன் கமிஷனர் ஆக்கியது. பெல் வீட்டு மேஜையில் டாமினோ கட்டைகளைப் பரப்பி அட்டவணை போடுவார். பருவத் தொடக்கத்தில் பலமான அணிகள் தங்களுக்குள் மோதும், பலவீனமானவை தங்களுக்குள். இதனால் கடைசி வாரங்கள் வரை எல்லா அணிக்கும் நம்பிக்கை மிஞ்சும், டிக்கெட்டும் விற்கும். சூதாட்டக்காரர்கள் பேரம் பேசியதை மறைத்த இரண்டு ஜயண்ட்ஸ் வீரர்களைத் தடை செய்தார். 1957-இல் வீரர்கள் சங்கத்தை அங்கீகரித்தார்.

1959 அக்டோபர் 11 அன்று, தான் கல்லூரிக் காலத்தில் ஆடிய ஃபிராங்க்ளின் ஃபீல்டில், ஈகிள்ஸ் – ஸ்டீலர்ஸ் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். இரண்டு அணிகளிலும் ஒரு காலத்தில் அவருக்குப் பங்கு இருந்தது.

அடுத்த கமிஷனர் யார்? 1960 ஜனவரியில் உரிமையாளர்கள் ஓட்டுப் போட்டுப் போட்டு ஓய்ந்தார்கள். கடைசியில் யாரும் எதிர்பாராத 33 வயது இளைஞர் ஒருவர் தேர்வானார். பீட் ரோசெல்லின் கதை, அடுத்த வாரம்.

(தொடரும்)